சுத்தமான பதிவு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நெட்டை எழுதுகிறேன். இங்கே நானும் பாப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா இன்னும் இருமிக்கொண்டேதான் இருக்கிறாரா? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, மருந்தே வேண்டாம் என்று அடம்பிடிக்க அவரால்தான் முடியும்.

நான் கடிதம் எழுதினால் ஏதோ காரியம் இருக்கும் என்று நீ இந்நேரம் கண்ணாடியைத் தேடியிருப்பாய். காரியம்தான். எழுதி முடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டேன் என்று பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகியும் நீ வைத்த பாப்பா என்ற பெயர்தான் அவளுக்கு நிலைத்திருக்கிறது. ஆனால் அதிகாரமெல்லாம் மாமியார் அதிகாரம்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தேனாம். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையோ மெல்லுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டு, இடது கையால் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தேனாம். அவள் ஓட்டை வாளியைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள். நான் காதில் விழாத மாதிரி நடிக்கிறேன் என்று நினைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருக்கிறாள். அத்தனை திட்டும் வீண். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் கருகுகிற வாடை வந்தது தெரியும். அப்புறம் பார்த்தால் மடியெல்லாம் தண்ணீர்.

இப்படி இரண்டு தடவை வீட்டில். மூன்றாவது தடவை வேலையில். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் இரும்புக் கிடங்கைத்தான் உனக்குத் தெரியுமே. கூரைக்குக் கீழே கிரேன் ஓடும். மேலே கூண்டில் நான். கீழே நின்று சைகை காட்டுகிறவர் கொடி அண்ணன். கையில் சிவப்பும் பச்சையுமாக எப்போதும் இரண்டு கொடி இருப்பதால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்குக் கம்பிக் கட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நான் இறக்கவே இல்லையாம். அவர் கத்திப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறி வந்தார். "என்னப்பா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டார். அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் மேலதிகாரியிடம் மூச்சு விடவில்லை. "உங்க அக்காகிட்ட போய்த் தலையைக் காட்டிட்டு வா. ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொல்லட்டும், நான் பாட்டுக்குக் கீழ நிக்கறேன்" என்றார்.

இப்படி நினைவு தப்புவதும் ஒரு வகை வலிப்புதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வார்த்தை என் பெயருக்குப் பக்கத்தில் ஏறினால் நான் கூண்டிலிருந்து இறங்க வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் மேலே உட்கார்ந்தவனை வாசல் கதவைத் திறந்து மூட வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் கிடங்குக்குத் தெரியாமல், தலையைச் சோதிக்கிற உன் இயந்திரத்தில் என்னை ஒரு தடவை மாட்டிப் பார்க்க முடியுமா?

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் நெட்டை


ஜனவரி 14

என் அருமை நெட்டைக்கு,

கடிதம் நேற்று வந்தது. நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் படி ஏறும்போது ஒரு பேச்சு, இறங்கும்போது ஒரு பேச்சு பேசுகிறது. மாமாவின் இருமல் வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டது. உன்னை உட்கார வைத்து எழுத வைத்த பாப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்.

முதலில் ஒன்று. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கூண்டில் ஏறாதே. முதுகு வலி, பல் வலி, என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லி விடுப்பு எடு. பொய் சொல்ல உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

28ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வா. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடத் தடவாதே, கம்பி ஒட்டாது. அன்று இரவு தூங்கவும் கூடாது. தூக்கம் சொக்கும்போதுதான் மூளையின் குட்டு வெளிப்படும்.

பயப்படாதே, உனக்கு மின்சாரம் எதுவும் கொடுக்க மாட்டோம். மூளைக்குள் ஏற்கெனவே ஓயாமல் துளித்துளியாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தலையில் இருபத்தோரு இடத்தில் கம்பி ஒட்டி அதைப் பிடிப்போம். பதினாறு பேனாக்கள் அதை ஓடுகிற காகிதத்தில் அலையலையாக வரையும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு, வலிப்பு வராமல் சும்மா படுத்திருக்கிற நேரத்திலும் சில சமயம் அந்த அலைக்கு நடுவே முள் மாதிரி ஒரு கூர் எழும்பும். அதைத்தான் தேடுவோம். முள் வரவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. நோய் உள்ளவர்களிலேயே பாதிப் பேருக்கு முதல் தடவை ஒன்றும் தெரியாது. அதனால்தான் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களையும் டாக்டர் விசாரிப்பார். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

இன்னொன்று. பதிவு எடுப்பது நான், படித்துச் சொல்வது டாக்டர். என்ன நோய் என்று பதிவு எடுக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது. அது எங்கள் அறையின் சட்டம். தம்பிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் கிடையாது. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் கனவு காணாதே.

வழியில் கண்டதையும் வாங்கித் தின்னாமல் வந்து சேர்.

அக்கா


பிப்ரவரி 1

அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். பாப்பாவுக்கு மட்டும் பயணத்தில் கொஞ்சம் தலைசுற்றல், இப்போது தேவலை. நீ கட்டிக்கொடுத்த பொட்டலத்தை வண்டி ஏறியதுமே தீர்த்துவிட்டோம்.

தலையில் கம்பி ஒட்டிய அந்தப் பசை மூன்று தடவை குளித்தும் போகவில்லை. கிடங்கில் பார்த்தால் தலைக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான் என்பார்கள். உன் வேலையை இத்தனை வருஷமாக நான் ஏதோ சுவிட்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அளவுநாடாவால் என் மண்டையை நீ அளந்த அழகைப் பார்த்தால், தையற்காரர்கூட அப்படி அளக்க மாட்டார். கண்ணை மூடு, திற, மூன்று நிமிஷம் ஆழமாக மூச்சு விடு, இந்த விளக்கைப் பார். நீ சொன்னதையெல்லாம் செய்தேனா இல்லையா? பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் பேச்சையும் அவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை. அப்புறம் பேனாக்களின் கிறுகிறு சத்தத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

நான் எழுந்தபோது நீ பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாய். நான் குறட்டை விட்டேனா என்று கேட்டதற்கு, "விட்ட" என்று ஒரே வார்த்தை சொன்னாய். வேறு நாளாக இருந்தால் என் குறட்டையை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பாய். சட்டம், தெரியும். ஆனால் உங்கள் டாக்டர் வெளியூர் பயிற்சிக்குப் போய்விட்டார், ஐந்து வாரம் கழித்துத்தான் வருவார் என்று கிளம்பும்போது சொல்கிறாயே, அதுவரை நான் என்ன செய்வது? என் விடுப்பு பத்தாம் தேதியோடு முடிகிறது. அதற்குமேல் கேட்டால் கிடங்கில் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள். என் இடத்தில் ஏறுவதற்கு இரண்டு பேர் ஏணியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அக்கா, நோயின் பெயரை நீ சொல்ல வேண்டாம். பார்த்ததில் ஏதோ ஒன்றைச் சொல். ஒரு வார்த்தை போதும். இங்கே சோறு இறங்கவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் நெட்டை


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். டாக்டர் மார்ச் முதல் வாரம் வருகிறார்.

என்னிடம் கேட்காதே என்று சொல்லியும் நீ இவ்வளவு கேட்டுவிட்டாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் பதிவு மிகவும் சுத்தம். நான் இந்த வேலைக்கு வந்த பதினேழு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான பதிவு எடுத்ததில்லை.

மாமாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கினோம். பாப்பாவின் தலைசுற்றலைக் கவனி.

அக்கா


பிப்ரவரி 14

என் தங்கமான அக்காவுக்கு,

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். மாமாவும் இருமிக்கொண்டே நூறு வருஷம் இருக்கட்டும்.

உன் கடிதம் பதினொன்றாம் தேதி காலையில், நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது வந்தது. பாப்பா என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே கொடி அண்ணனிடம் போனேன். அவர் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மடித்து என் பையிலேயே திருப்பி வைத்தார். "சுத்தம்னு எழுதிட்டாங்கள்ல, அப்புறம் என்ன? போ, ஏறு" என்றார். ஏறினேன்.

நீ சட்டத்தை எனக்காகக் கொஞ்சம் வளைத்திருக்கிறாய். அதை நான் மறக்க மாட்டேன். இனிமேல் டாக்டரைப் பார்க்க அவ்வளவு தூரம் மறுபடி வர வேண்டாம் அல்லவா? பாப்பா ஒரு முறை போய்விட்டு வரலாம் என்கிறாள். அவள் அப்படித்தான், கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேலே இருந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கிறது. உன் முழங்காலைக் கவனித்துக்கொள்.

உன் நெட்டை


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குறையில்லை. இயந்திரம் பழுதாகி, அதைச் சரிபார்க்க ஆள் வந்து, ஒரே அலைச்சல். அதனால்தான் உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை.

டாக்டர் நேற்று வேலைக்கு வந்துவிட்டார். உன் பதிவு அவர் மேஜையில் இருக்கிறது. எதற்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரை ஒரு நாலு நாள் நீ ஏறாமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா சொல்கிறாளே என்று கேட்டுக்கொள்.

மாமா உன்னைக் கேட்டார்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுகிறேன். உங்கள் இருவரின் சுகத்தையும் அறிய ஆவல். இங்கே சுகமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கிடங்கில் கொடி அண்ணன் இறந்துவிட்டார். உங்கள் தம்பி ஓட்டிய கிரேனில்தான்.

கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிரேன் தூண் பக்கமாக வந்திருக்கிறது. வழக்கமான இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கொடி அண்ணன் சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டே இருந்தாராம். விலகி ஓட நேரம் இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறார். கட்டு அவரைத் தூணோடு சேர்த்து அழுத்திவிட்டது.

ஆட்கள் கூண்டுக்கு ஏறிப் போனபோது இவர் ஒரு கையால் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கீழே கூட்டத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு, யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சொல்லியும் புரியவில்லை. இறங்கி வந்து கொடியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

சனிக்கிழமை இறுதிச் சடங்கு முடிந்தது. இவரை உள்ளே விடமாட்டார்களோ என்று பயந்தேன். யாரும் தடுக்கவில்லை. கொடி அண்ணன் மனைவி இவர் பக்கம் திரும்பவே இல்லை.  அன்றிலிருந்து இவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இவரிடம் கொடுக்கவில்லை, நானே பிரித்துப் படித்தேன். நாலு நாள் ஏறாமல் இருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எதற்கு அண்ணி? பதிவு சுத்தம் என்று எழுதியவர் நீங்கள்தானே?

சுத்தம் என்றால் என்ன அண்ணி?

பாப்பா


மார்ச் 20

பாப்பாவுக்கு,

 நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அவன் சாப்பிடுகிறானா?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் அறையில் சுத்தம் என்றால் வேறு அர்த்தம். பதிவு எடுக்கும்போது நோயாளி பல்லைக் கடித்தால், கண்ணைச் சிமிட்டினால், வியர்த்தால், கம்பி சரியாக ஒட்டாவிட்டால், அதெல்லாம் காகிதத்தில் கிறுக்கலாக விழும். மூளையின் அலை எது, கிறுக்கல் எது என்று டாக்டருக்குத் தெரியாது. அந்தக் கிறுக்கல் எதுவும் இல்லாமல் தெளிவாக வந்தால் சுத்தமான பதிவு என்போம். நோய் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்லை. அவன் அசையாமல் படுத்திருந்தான், அதனால் சுத்தமாக வந்தது. அதைத்தான் எழுதினேன். அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டான். எங்கள் பேச்சு வெளியாட்களுக்குப் புரியாது என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

டாக்டரின் அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வலிப்பு நோய்தான். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, மொட்டைமாடி, இந்தப் பக்கமெல்லாம் அவனைத் தனியாக விடாதே.

கொடி அண்ணனின் மனைவிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறேன். இவருக்கு எந்நேரமும் தூக்கம், கை நடுக்கம். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

கிடங்கில் விசாரணை நடக்கிறது. இவருக்கு முன்பே நோய் இருந்தது யாருக்காவது தெரியுமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாது என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சுத்தம் என்று எழுதிய உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. அது இன்னும் இவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றினால் கடிதமும் அடுத்த சட்டைக்கு மாறுகிறது. உங்களைக் காப்பாற்றுகிறார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய அறிக்கை எனக்குப் புரியவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன். நல்ல மனுஷர், ஒரு வரி விடாமல் சொன்னார். வலது பக்கம் கூர் அலைகள் என்றார். கடைசியில் ஒரு வரி. 'பதிவு நடக்கும்போதே பதிவாளர் சிவப்புப் பென்சிலால் ஐந்து இடங்களில் குறித்துள்ளார்.' அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பதிவு எடுத்தவங்க அங்கேயே பார்த்துட்டாங்கம்மா, டாக்டர் கண்ணுக்குத் தப்பிடக் கூடாதுன்னு அடையாளம் போட்டிருக்காங்க. கெட்டிக்காரங்க" என்றார்.

ஜனவரி 28ஆம் தேதியே உங்களுக்குத் தெரியும். நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து எனக்கும் டீ கொடுத்தீர்கள்.

சுத்தம் என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிவிட்டீர்கள் அண்ணி. அதை ஏன் எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்குச் சொல்லுங்கள்.

பாப்பா


மே 9

தம்பி,

பாப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அவள் சொல்வது உண்மை. பார்த்தேன்.

நீ தூங்க ஆரம்பித்த நாலாவது நிமிஷத்தில் வலது பக்கத்துப் பேனாக்கள் ஒரு துள்ளு துள்ளின. என் கை என்னைக் கேட்காமலே பென்சிலை எடுத்துக் குறித்தது. ஆயிரம் பேருக்குச் செய்த வேலை. இரண்டாவது தடவை குறித்த பிறகுதான் படுத்திருப்பது நீ என்று உறைத்தது. மூன்றாவது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே காகிதத்தைப் பார்த்தேன். ஐந்து வந்தது. நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய்.

டாக்டர் ஊரில் இல்லை என்றால் என்ன? அவசரம் என்று ஒரு சீட்டு ஒட்டினால் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் மறுநாளே படித்திருப்பார். நான் ஒட்டவில்லை. சீட்டு மேஜை இழுப்பறையில் கட்டுக் கட்டாக இருக்கிறது. உன்னைக் கூண்டிலிருந்து இறக்கப் போகிற கை என் கையாக இருக்க வேண்டாம், அவர் வந்து அவர் கையால் இறக்கட்டும் என்று நினைத்தேன்.

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதினேன். முதல் இரண்டிலும் 'ஏறாதே' என்று இருந்தது. அதைப் படித்தால் நான் பார்த்ததை நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று கிழித்தேன். சட்டத்தை மீறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நோயின் பெயரைச் சொல்லாதே என்றுதான் சட்டம். ஏறாதே என்று ஒரு அக்கா தம்பியிடம் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மூன்றாவது தடவை சுத்தம் என்ற வார்த்தை கிடைத்தது. பாப்பாவிடம் எனக்குத் தோன்றாமல் போய்விட்டது என்று எழுதினேனே, அதுவும் பொய். நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று நன்றாகத் தெரியும். நான் பொய் சொன்னதாகவும் ஆகாது, உன் முகம் வாடியதாகவும் ஆகாது. அவ்வளவு வசதியான வார்த்தை.

நீ ஏறிவிட்டாய் என்ற கடிதம் பிப்ரவரி 18ஆம் தேதியே வந்துவிட்டது. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. இரண்டு வாரம் நான் சும்மா இருந்தேன். நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது?

போன வாரம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "சட்டப்படி நீங்க எந்தத் தப்பும் பண்ணலையேம்மா" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் காலையில் நாலு பேருக்குப் பதிவு எடுத்தேன். நாலு பேரும் போகும்போது என் முகத்தைப் பார்த்தார்கள்.

சுத்தம் என்று நான் எழுதிய அந்தக் கடிதத்தை விசாரணையில் கொடு. எனக்காக மறைக்காதே. கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

கை நடுங்குகிறது, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். வலிப்பு மறுபடி வரவில்லை. பாப்பா நலம். மாமாவையும் உன்னையும் கேட்டதாக எழுதச் சொன்னாள். மூன்று மாதத்தில் இது முதல் தடவை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அதிர்ந்துபோவேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. எனக்குத் தெரியும்.

நீ சந்தோஷமாக இருந்தால் மூன்று பக்கம் எழுதுவாய். மூன்று பக்கத்திலும் என்னை ஓட்டுவாய். சுத்தம் என்று எழுதிய அந்தக் கடிதம் முழுக்கவே பத்து வரிகூட இல்லை. நெட்டை என்றுகூட நீ கூப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து உன் கையால் வளர்ந்தவனுக்கு அது போதாதா? வாசலில் நின்று படித்தபோதே புரிந்துவிட்டது. ஆனால் ஏறாதே என்ற வார்த்தை அதில் இல்லை. இரண்டு தடவை தேடினேன், இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகும் அந்த ரப்பர் வாடை எனக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை ஏணியில் பாதி ஏறும்போது. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்விட்டது. மிச்ச ஏணியையும் ஏறினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி கடைசியில் நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பாப்பா பார்த்திருக்கிறாள். அண்ணியே சுத்தம் என்று சொல்லிவிட்டார்களே என்று விட்டுவிட்டாளாம். உனக்கு அவ்வளவு கோபமாக எழுதிய பிறகு, போன வாரம்தான் என்னிடம் சொல்லி அழுதாள்.

யாருக்கும் தெரியாது என்று விசாரணையில் நான் சொன்னது உன்னைக் காப்பாற்ற இல்லை. உன் கடிதம் வெளியே வந்தால், அப்படியானால் உனக்கு முன்பே தெரியுமா என்று அடுத்த கேள்வி என்னைத்தான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொடி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பையில் இருந்த உன் பிப்ரவரிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். வாடை வந்தது, நான் ஏறியது, பாப்பா பார்த்தது, நீ பென்சிலால் குறித்தது, ஒன்றையும் விடவில்லை. திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் அவருக்குத் தெரியுமா?"

முதலில் வந்த மூன்று தடவை தெரியும், இது எதுவும் தெரியாது என்றேன். அவர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குத் தெரியும் அக்கா. உனக்குத் தெரியும். பாப்பாவுக்குப் பாதி தெரியும். கீழே நின்ற அந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான் தெரியாது.

நேற்று அந்தக் கடிதத்தை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். 18ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு மறுபடி விசாரணை. முதலில் நான் பேசுவேன், அப்புறம் உன்னைக் கூப்பிடுவார்கள். கொடி அண்ணன் மனைவியும் வருகிறார், எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

இதற்குப் பதில் எழுதாதே. வந்து வாயால் சொல்.

உன் தம்பி